ரேச்சலின் முழங்காலுக்கு ஒரு ஜெபம்

ரேச்சலுக்கு ஐம்பத்து நான்கு வயது. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் பிறந்து, சென்னையில் முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவள். வாங்கிய மறுமாதமே ஒரு கியர் சைக்கிளில் ஏறி, கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிட்டாள். அதுவும் தனியாக! பயமாக இல்லையா என்று கேட்டவர்களிடம், "முப்பது வருஷம் நைட் டூட்டிக்குத் தனியாத்தான போனேன், அப்ப ஒருத்தருக்கும் பயம் வரலியே?" என்றாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் தூத்துக்குடியில் அண்ணன் ஜெபசிங் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். உப்பளக் காற்றில் முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. வலது முழங்கால் வீங்கிக் கிடந்தது. மறுநாள் ஞாயிறு. அன்றைக்குச் சைக்கிளைத் தொடுவதில்லை, திங்கட்கிழமை மறுபடி ஏறுவது என்று கிளம்பும்போதே திட்டம் போட்டிருந்தாள். இன்னும் நூற்று முப்பது கிலோமீட்டர்தான் பாக்கி.

ஹார்டுவேர் கடைக்காரரான ஜெபசிங்கின் திட்டம் வேறு.

"ஏளா, ஆடுனது போதும். திங்கக்கெழம கார்ல நாசரேத்துல கொண்டு விட்டுருதேன். சைக்கிள லாரில போட்டுரலாம். ஊரே சிரிக்கி."

"சிரிச்சா அவிய பல்லுதான் தெரியும். எனக்கென்ன?"

தங்கையிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஜெபக்குறிப்பைக் கையில் எடுத்தார். சர்ச்சில் ஆராதனைக்கு முன்னால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், போதகர் அதைப் படிக்க, சபையே சேர்ந்து ஜெபிக்கும். பரீட்சை, விசா, குடிகாரப் புருஷன் எல்லாமே அந்தச் சீட்டில் வரும். விடிந்ததும் முதல் ஆளாய்ப் போய்ச் சீட்டைக் கொடுத்தார். எட்டு நாள் மிதித்த களைப்பு, மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்தார் மனுஷன். அங்கேதான் கோட்டை விட்டார். நாசரேத்துக்காரி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தூங்குவாளா? மதினி இன்பமணியின் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

போதகர் சீட்டைக் கையில் எடுத்த பிறகுதான் ஜெபசிங் அவளைப் பார்த்தார். இருமிப் பார்த்தார். கண்ணைக் காட்டிப் பார்த்தார். போதகர் சீட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

"பிடிவாதத்தினால் சைக்கிளில் அலையும் சகோதரி ரேச்சலின் மனதை ஆண்டவர் திருப்பி, வீட்டில் அமரச் செய்யும்படி..."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ரேச்சலுக்கு முகமெல்லாம் எரிந்தது. இருபத்தெட்டு வயதில் கலியாணம் வேண்டாம் என்றதற்கும் ஊர்க் கோயிலில் இப்படித்தான் சீட்டுப் படித்தார்கள். அன்று குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வெட்கம் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. இன்னொரு தடவையா? பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஐயா, அந்த ரேச்சல் நாந்தான். எம்மனசு நல்லாத்தான் இருக்கு, அத யாரும் திருப்ப வேண்டாம். வலது முழங்காலுதான் வீங்கிருக்கு. கன்னியாகுமரி வரைக்கும் அது தாங்கணும்னு ஜெபிங்க."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். போதகர் சீட்டைப் பார்த்தார், ரேச்சலைப் பார்த்தார், சீட்டை மடித்து வைத்தார்.

"சகோதரியின் முழங்காலுக்காக ஜெபிப்போம்."

நன்றாகவே ஜெபித்தார். வலது முழங்கால், சாலையில் போகும் லாரிகள், எதிர்க்காற்று என்று ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் சபை ஆமென் சொன்னது. எல்லாருக்கும் மேலே உரக்கக் கேட்டது ஜெபசிங்கின் குரல்தான். இருபது வருஷம் கமிட்டி மெம்பராக இருந்த பழக்கம், தன்னால் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவர் குமுறினார். "மானம் கப்பலேறிட்டு!"

"ஏத்துனது யாரு? நீதான? சரி, அது கெடக்கட்டும். ஆமென் சொன்னியா இல்லியா?"

"அது... வாய் தவறி வந்துட்டு."

"தவறி வந்தாலும் ஆண்டவர் கேட்டுட்டாருல்லா? இனிமே காரு, லாரின்னு எங்கிட்டப் பேசாத. அவருகிட்டயே போயி, வேண்டாம்னு சொல்லு." ரேச்சல் திரும்பினாள். "மதினி, பசிக்கி. வாங்க, போயிச் சாப்புடுவோம். நாளைக்கு வெள்ளன கெளம்பணும்."