செப்டம்பரில் புறப்படாதவள்

மலாக்கா நகரில் மஜீது மாமாவின் புத்தகக் கடையில் அஸ்லாமின் தோளில் பாராங் கத்தி இறங்கியபோது, புனிதாவின் கடிதத்தில் முதல் பக்கம் இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தது. இரண்டாம் பக்கம் பேக்ஸ் மிஷினுக்குள் பாதி நுழைந்திருந்தது. வெட்டியவன் அவளுடைய தம்பி பிரவின்.

அது 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம். புனிதாவுக்கு இருபத்தாறு வயது. டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இறந்த பிறகு அம்மா கருப்பாயி பால்மரம் சீவியே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். புனிதா பினாங்கில் கணினி படித்துவிட்டு வந்து பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததும், மூன்று பேரும் தோட்டத்தை விட்டு அங்கேயே ஒரு சிறு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிரவின் அக்காவை விட ஐந்து வயது இளையவன். வேலை எதிலும் நிலைக்கவில்லை. கேங்கோடு சேர்ந்தான். வீட்டில் சோறு ஆறியிருந்தால் தட்டு சுவரில் போய் உடையும். அம்மாவின் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவர் எல்லாரிடமும் சொன்னார்.

தொழிற்சாலையில் நூறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடுவார்கள். நான்கு வருடத்தில் கண் மங்கிவிடும். அந்த வேலையைக் கேமராவும் கணினியும் செய்ய முடியும் என்று புனிதா நம்பினாள். அதைப் படிக்கத்தான் முதுகலைக்கு மனுப் போட்டாள். ஒரு வருடம் தபாலில் வந்த கனத்த பல்கலைக்கழகக் கையேடுகளைப் புரட்டினாள். பேர் பெற்ற இடமா என்று பார்க்கவில்லை. அங்கே யார் என்ன ஆராய்கிறார்கள் என்றுதான் தேடினாள். கடைசியில் இரண்டு இடம் தேறியது. வட இங்கிலாந்தில் ஒன்று: ஒரே வருடப் படிப்பு, செப்டம்பரில் தொடக்கம், படங்களைக் கணினி படிக்கும் துறையிலேயே ஊறிய ஒரு பேராசிரியர். ஆஸ்திரேலியாவில் இன்னொன்று: ஒன்றரை வருடம், பிப்ரவரியில் தொடக்கம், தரவுத்தளமும் நிரலாக்கமும்தான் பாடம். இங்கிலாந்தைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

கடிதங்களையெல்லாம் பேக்ஸ் செய்து கொடுத்தவன் மஜீது மாமாவின் மகன் அஸ்லாம். அவர்களுக்குள் வேறொன்றும் இல்லை. ஆனால் பிரவினின் கூட்டாளிகள், "ஒன் அக்கா தெனமும் அந்தக் கடையிலதான் நிக்குது லா" என்று ஓதிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பிரவின் இரண்டு பேரோடு உள்ளே வந்தான்.

"இவன் கூடத்தான் வெளிநாட்டுக்கு ஓடப் போறியா?"

"பேக்ஸ் அனுப்புறேன்டா. பேசாம வீட்டுக்குப் போ."

"பிரவின், உக்காரு லா, பேசிக்கலாம்" என்று அஸ்லாம் கல்லாவைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. புனிதா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் திரும்பாமலேயே முழங்கையால் அவள் மூக்கில் இடித்தான். மூன்றாவது வெட்டு நகல் எடுக்கும் மிஷினின் கண்ணாடியைப் பிளந்தது. ரத்தம் பள்ளிக்கூட நோட்டுக் கட்டுகளுக்கு அடியில் ஓடியது. கடையில் இருந்த நால்வரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். அவள் தன் துப்பட்டாவால் அஸ்லாமின் கையை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை இரு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஓடிய நால்வரும் போலீசிடம் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். சார்ஜன் புனிதாவைக் கேட்டார். மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"என் தம்பி. பிரவின்."

அன்று மாலையே அவனைப் பிடித்தார்கள். தாய்மாமன் ஜாமீன் எடுத்தார். வழக்கு விசாரணைக்கு நவம்பர் பதினான்காம் தேதியைக் குறித்தார்கள்.

அதுவரை "பொம்பளப் புள்ள தனியா எங்கடி போறது?" என்று தடுத்துக்கொண்டிருந்த கருப்பாயி, அந்தத் தேதியைக் கேட்டதும் மாறிப்போனார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கம்பளிச் சட்டை வாங்கி வந்தார். பெட்டியில் ஊறுகாய் போத்தல்களை அடுக்கினார்.

"லண்டன் பக்கம்தான் நல்ல படிப்புன்னு நீதானே சொன்ன? செப்டம்பர்ல கெளம்பிடு. ஆஸ்திரேலியாவெல்லாம் வேணாம்."

"நவம்பர்ல கேஸ் இருக்கும்மா."

"அதனாலதான் சொல்றேன்."

மருத்துவமனையில் அஸ்லாமின் விரல்கள் மடங்கவில்லை. நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். கட்டிலருகே நின்ற மஜீது மாமா, "நீ படிக்கப் போம்மா. சாட்சிக்கு நில்லுன்னு நான் கேக்கவே மாட்டேன்" என்றார். அஸ்லாம் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "நீ போய்ட்டா நான் ஒருத்தன்தான். பொய் சொல்றேன்னு முடிச்சிருவானுங்க."

புனிதா இங்கிலாந்துக்கு எழுதினாள்: ஒரு வருடம் தள்ளிச் சேரலாமா? சேரலாம் என்று பதில் வந்தது. ஆனால் அடுத்த வருடம் அந்தப் பேராசிரியர் அங்கே இருக்கமாட்டார், அமெரிக்காவுக்கு மாறிப் போகிறார் என்றும் எழுதியிருந்தார்கள். தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று அந்தக் கடிதத்தைப் படித்தாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, ஆஸ்திரேலியாவுக்குச் சம்மதம் எழுதினாள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் கடிதம் ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தபோது பிரவின் அதைப் பிரித்துவிட்டான். பிப்ரவரி என்ற சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. முதலில் கெஞ்சினான். "அக்கா, ஆறு மாசம் முன்னால போறதுல ஒனக்கு என்ன போச்சு?" அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள். முடியைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனான். சிமெண்டுத் தொட்டி விளிம்பில் தலையை இரண்டு முறை மோதினான். கீழே விழுந்தவளின் தோளில் காலால் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கருப்பாயி கதவருகே நின்று, "விட்ருடா, செத்துருவா, விட்ருடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிட்டே வரவில்லை.

கழுத்துப் பட்டை எலும்பு உடைந்த நிலையில் புனிதா டாக்சி பிடித்துத் தானே போலீஸ் நிலையத்துக்குப் போனாள். பிரவினின் ஜாமீன் ரத்தானது. அதற்குப் பிறகும் வீட்டுச் சன்னலில் செங்கல் விழுந்தது. ஒரு காலையில் வாசற்கதவில் பாராங் ஒன்று ஆழக் குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றி, வேலைக்குப் போகும் வழியில் சார்ஜனிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நவம்பரில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளைச் சுற்றி வளைத்தார். அஸ்லாமுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

"பேக்ஸ் அனுப்பிக் கொடுப்பாரு."

அவ்வளவுதானா?

"அவ்வளவுதான். அதுக்குத்தான் வெட்டினான்."

ஆறு வருடச் சிறையும் நான்கு பிரம்படியும் தீர்ப்பானது. கூண்டிலிருந்து பிரவின், "வெளிய வருவேன்டி" என்று கத்தினான். நடைபாதையில் கருப்பாயி மகளின் கன்னத்தில் அறைந்தார். தேறிக்கொண்டிருந்த எலும்பு வலியெடுக்கும்படி அடுத்த அறை விழுந்தது. புனிதா தடுக்கவில்லை.

பிப்ரவரியில் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனவர் மஜீது மாமா. ஆஸ்திரேலியாவில் அவள் தேடிய பாடம் இல்லை. இருந்ததைப் படித்தாள். கோபம் வந்த நாட்களில் நூலகத்தில் அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளைத் தேடி எடுத்து வாசிப்பாள். பாதிக்கு மேல் புரியாது, மூடி வைப்பாள். 1997 நடுவில் தேறி வந்து பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். அது கணக்கு மென்பொருள் வேலை. சில்லில் கீறல் தேடும் பெண்கள் அங்கேயும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அஸ்லாம் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான்.

நன்னடத்தைத் தள்ளுபடி போக 1999 ஆகஸ்டில் பிரவின் வெளியே வந்தான். அடுத்த மாதம் கருப்பாயி போன் செய்தார்.

"நீ இப்போதைக்கு இந்தப் பக்கம் வராதே."

"ஒங்கள அடிக்கிறானாம்மா?"

கருப்பாயி போனை வைத்துவிட்டார்.

மறுநாள் புனிதா பஸ் ஏறி மலாக்காவில் இறங்கி, டாக்சியில் பத்து பெரண்டாம் போனாள். வண்டியை வாசலிலேயே நிற்கச் சொன்னாள். பிரவின் கேட்டருகே வந்தான். உடம்பு இளைத்து, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. வந்த வேகத்தில் அவள் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. அவள் பின்வாங்காமல் அங்கேயே நின்று அவனைப் பார்த்தாள்.

"இன்னும் அடிக்கணும்னா அடி. அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் கை மறுபடி உயர்ந்தது. அதற்குள் கருப்பாயி உள்ளேயிருந்து வந்துவிட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. செருப்புப் போடவில்லை. மகனையும் மகளையும் பார்க்காமல் இருவருக்கும் நடுவே நுழைந்து போய், டாக்சிக் கதவைத் தானே திறந்து முதலில் ஏறி உட்கார்ந்தார்.