டேங்கில் திறந்த மீன்கண்

தாராவியில் பைக்குகளுக்குப் பெயின்ட் அடித்தே நரைத்தவன் நான். ஆனாலும் அன்றைக்குப் பதறியதுபோல் என்றைக்கும் பதறியதில்லை. முத்துலட்சுமி பைக்கின் கறுப்புப் பெட்ரோல் டேங்கில் மஞ்சள் சிறகு அடித்துவிட்டு ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்கிறேன், கண்ணெதிரே பெயின்ட் விலகி விலகிப் போகிறது. சிறகு முழுக்கப் பொட்டுப்பொட்டாய் ஓட்டை, உள்ளே கறுப்பு. இதை மீன்கண் என்போம். டேங்கில் எண்ணெய்ப் பசையோ பாலீஷோ இருந்தால்தான் வரும்.

மறுநாள் குடி பாட்வா, மராத்தி வருடப் பிறப்பு. ஊர்வலத்தில் பெண்கள் சேலை கட்டி பைக் ஓட்டி வருவார்கள். முத்துலட்சுமிக்கு முன்வரிசை கிடைத்திருந்தது. அதற்காகத்தான் இந்தச் சிறகு.

வேலையில் நான் எதையும் விட்டுவிடவில்லை. பழைய பெயின்டை உரிக்க வேண்டியதில்லை, மேலே உள்ள பளபளப்பைக் கொன்றால் போதும். வழுவழுப்பில் புதுப் பெயின்ட் பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, மெழுகுப் பசையை எடுக்கும் வேக்ஸ் ரிமூவரால் துடைத்து, வாட்டர் பேப்பர் என்கிற ஆயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். டேங்க் சாம்பல் நிறமானதும் மஞ்சள் வாங்க மாஹிம் போனேன். வந்து உலர்ந்த துணியால் துடைத்து, டேப் ஒட்டி, அடித்தேன்.

கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரில்தான் எண்ணெய் கசிந்து வருகிறதென்று அதைத் திறந்து வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். முத்துலட்சுமியோடு வந்திருந்த அவள் அப்பா பெருமாள் அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். தோல் பை தைக்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷர்.

"கத்தாதிய. நாந்தான் தொடச்சேன்."

"எதை வச்சு?"

"வண்டிக்குப் போடுத பாலீசு. நீங்க மாஹிம் போயிருக்கையில வந்தேன். டேங்கு சாம்பப் பூத்துக் கெடக்கு. எம் மவ வண்டிய நாசம் பண்ணிட்டாவளேன்னு வீட்டுக்கு ஓடிப் பாலீச எடுத்துட்டு வந்தேன். ரெண்டு தடவ போட்டும் மினுக்கம் வரல. பயந்துபோயி சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவி வச்சிட்டேன்."

"அப்பா, யே க்யா கர் தியா? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலீஷில் சிலிக்கான் இருக்கும், சோப்புக்கெல்லாம் அது போகாது. நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்து, கைத்துண்டால் வண்டியின் ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அந்த வண்டியைத் துடைக்கிற கை.

தின்னரில் மஞ்சளை வழித்தெடுத்தேன். துணியை மாற்றி மாற்றி வேக்ஸ் ரிமூவரால் துடைத்தேன். பொழுது சாய்வதற்குள் மறுபடி தேய்த்து முடிக்க என் ஒருத்தன் கை போதாது. வாட்டர் பேப்பரை நனைத்து அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"அந்தப் பக்கம் உங்களுக்கு. ஓரத்துல மட்டும் அழுத்தாதிய, அடிப் பெயின்ட் கிளம்பிரும்."

பேப்பரை டேங்கில் வைத்தவர் அசையவில்லை. "மனசு வரலியே" என்றார். முத்துலட்சுமி எழுந்து வந்து, அவர் கைமேல் கை வைத்துத் தள்ளினாள். பிறகு அவரே தேய்த்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சாயங்காலம் மறுபடி மஞ்சள் அடித்தேன். காய்கிறவரை மூன்று பேரும் டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கண்கூடத் திறக்கவில்லை. மேலே நிறமில்லாத லேக்கர் அடித்ததும் பழைய பளபளப்பு திரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்.

கன் எடுக்குமுன் இன்னொரு தடவை வேக்ஸ் ரிமூவர் போடுவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. வண்டி யாருடையது என்று இப்போது நான் முதலில் கேட்பதில்லை. வீட்டில் அதைத் துடைப்பது யார் என்று கேட்கிறேன். அவர் வந்து நின்ற பிறகுதான் பேப்பரை நனைக்கிறேன்.