கட்டுப்பல் அறையும் நீலாவதியின் விரல்களும்

நீலாவதிக்கு ஓர் இடத்தில் நிலையாக நிற்கத் தெரியாது. தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்த நாளிலும் அப்படித்தான். தன் நிரையை முடித்த கையோடு பக்கத்து நிரைக்காரியின் செடியில் கை வைப்பாள். கங்காணியிடம் திட்டு வாங்குவாள். "ஒனக்குக் கால்ல சக்கரமாடி?" என்று கேட்காதவர்கள் அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் இல்லை. அப்பேர்ப்பட்டவள் சன்னல் சாத்திய ஓர் அறைக்குள் ஆறு வருஷம் அடைந்து கிடந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கிடந்தாள்.

அது தானா ராத்தா என்ற மலையூரில் சிவசாமி பல் கட்டிக்கொடுத்த அறை. எழுபத்தேழில், மழையும் அட்டைக்கடியும் போதும் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் வேலைக்குப் போனாள். சிவசாமி ஈப்போ பட்டணத்தில் ஒரு சீனரிடம் தொழில் பழகியவர். பல் போன கிழடுகளெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். திரும்பிப் போகும்போது புதுப் பல் தெரிய வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு போவார்கள்.

வேலை என்னவோ சமையல் மாதிரிதான். இளஞ்சிவப்புப் பொடியில், சீசாவிலிருந்து கண்ணாடி போலத் தெளிந்த ஒரு திரவத்தை ஊற்றிக் கிளற வேண்டும். சீசாவின் மேல் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்வானேன் என்று இருவரும் அதைத் 'தண்ணி' என்றே சொன்னார்கள். கலவை முதலில் ஈர மணலாக இருக்கும், பிறகு நூல் நூலாக இழுக்கும், கடைசியில் ரொட்டி மாவாகத் திரளும். அந்தப் பதத்தில் அச்சில் அமுக்கி, கொதிநீரில் வேகவைத்தால் ஈறு கல்லாகிவிடும். அடிவாரத்து வெயிலில் சட்டென்று திரளுகிற மாவு, இந்த மலைக் குளிரில் சண்டித்தனம் செய்யும். அதனால் சிவசாமி சன்னல்களை இறுக்கிச் சாத்தினார். தண்ணி தீப்பிடிக்கும் சாமான் என்பதால் அடுப்பை மட்டும் கொல்லையில் வைத்தார். அந்த மட்டுக்கும் புத்திசாலிதான்.

சாத்திய அறையில் தண்ணியின் நெடி தலைக்கு ஏறும். ஆரம்பத்தில் நீலாவதிக்கு மண்டை இடித்தது. பழகிவிட்டது. நெடி மட்டும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் கூடவே வந்தது. விரலைத் தண்ணியில் நனைத்து மாவின் மேல் ஒரு தடவு தடவினால் ஈறு வழுவழுவென்று வரும். கையுறை கிடையாது, ஒன்றும் கிடையாது. "ஒன் கைக்கு வர்ற வழவழப்பு எனக்கே வராதுலா" என்று சிவசாமி சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் இன்னும் நாலு தடவை தடவுவாள்.

எண்பதில் நீலாவதிக்கு ஜெயா பிறந்தாள். பிள்ளையைப் பகலில் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அப்போதே விரல் நுனிகள் மரக்கத் தொடங்கியிருந்தன. ஊசியில் நூல் கோத்தால் ஊசி கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு இராசம்மாவிடம் சொன்னாள்.

"இந்த மலையில யாருக்குத்தான் கை மரக்கல? காலையில பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்ப எங் கையி எங்கிட்ட இல்ல. குளிருடி. தைலத்தத் தேய்."

அதுதான் வினை. வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது ஒருவர், "இதென்ன, கை மரக்கிறது?" என்று பதறியிருப்பார்கள். இங்கே கை மரப்பது மழை பெய்வது மாதிரி. நீலாவதி தைலத்தைத் தேய்த்தாள், கம்பளி போட்டாள், விரல்களை ஓயாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. கை தன்னுடையது இல்லை என்கிற மாதிரி ஒரு தவிப்பு.

ஜெயாவுக்குக் குளியல் என்றாலே ஆகாது. அண்டாவைக் கண்டதும் வீறிட்டு அழுவாள். நீலாவதி விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள், இதமாகத்தான் தெரியும். "பிடிவாதக்காரி, ஒங்க அப்பன மாதிரி" என்று இடுக்கிப் பிடித்து ஊற்றுவாள். குளித்து முடித்ததும் பிள்ளையின் உடம்பு தக்காளியாகச் சிவந்திருக்கும். மலைப் பிள்ளைகளுக்குச் சிவந்த கன்னம் அழகு. இராசம்மாகூட வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போவாள்.

எண்பத்து மூன்றில் மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு கல்யாணம். நீலாவதியின் புருஷன் பக்கிரிசாமி காய்கறி லோரி ஓட்டுகிறவன். லோரியிலேயே மூவரும் இறங்கினார்கள். தாப்பாவில் வெயில் கொளுத்தியது. முதுகில் வியர்வை ஓடியது. கல்யாண வீட்டில் சும்மா உட்காருவாளா நீலாவதி? காப்பித் தம்ளர்களை அடுப்படியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கிய வேகத்தில் தம்ளர் தரையில் உருண்டது.

"ஐயையோ! நெருப்பாட்டம் சுடுது! எப்படிம்மா கையில புடிச்சிருந்த?"

நீலாவதி கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெந்து சிவந்திருந்தன. வலிக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் விசிறிக்கொண்டு நிற்கிறார்கள், எங்கே இருக்கிறது குளிர்? அடுத்த கணம் அண்டாத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. பிள்ளையின் சிவந்த உடம்பு நினைவுக்கு வந்தது. இந்த விரலை விட்டுத்தானே பார்த்தேன்! கல்யாண வீடென்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கிரிசாமி ஒன்றும் விளங்காமல், "காப்பி கொட்டினதுக்கா இப்படி அழுவுற?" என்று கேட்டான்.

மலையேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா குண்டூசியால் விரல் விரலாகக் குத்திப் பார்த்துவிட்டு, வேலையைப் பற்றி விசாரித்தாள்.

"பல்லா வெந்து கெட்டியாயிட்டா அது சாது. அதே சாமானப் பசையா வச்சுப் பெரிய ஆஸ்பத்திரியில இடுப்பு மூட்டெல்லாம் பொருத்துறாங்க. தண்ணியா இருக்கிறப்பதான் தோல் வழியா எறங்கி நரம்பத் தொடும். அத விட்டுடுங்க."

சிவசாமியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இருவது வருசமா இதுல முங்கிக் கெடக்கேன், எனக்கு என்ன ஆச்சு? இங்க பாரு!" என்று கொல்லைக்குப் போய், கொதிக்கிற சட்டியின் மூடியை வெறும் கையால் தூக்கிக் காட்டினார். "கொஞ்சமாவது சுடுதா? தொழில் பழகுன கை!"

நீலாவதி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, சுடணும்ண்ணே!" என்றாள். அவருக்கு ஏறவில்லை. சமாதானத்துக்கு ரப்பர் கையுறை வாங்கித் தந்தார். சில வாரம் போட்டுப் பார்த்தாள். கையுறைக்குள்ளும் விரலில் நெடி அடித்தது. தண்ணி ரப்பரையே துளைத்து வந்துவிடுகிறது. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள், சன்னலைத் திறந்துவிட்டாள், வந்துவிட்டாள்.

மறுபடியும் கூடை, மறுபடியும் அட்டை. கொழுந்தைத் தொட்டறிய முடியாமல் கண்ணால் பார்த்துப் பறித்தாள். எல்லாருக்கும் பின்னால் நின்றாள். பிள்ளையை அவள் குளிப்பாட்டவில்லை. பக்கிரிசாமி ஊரில் இருந்தால் அவன், இல்லாவிட்டால் இராசம்மா. குளிக்கும் நேரம் வந்தால் நீலாவதி வெளியே போய் முன்னும் பின்னும் நடப்பாள். அழுகைச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பாள். வரவே இல்லை. அவள் ஊற்றியபோது மட்டுந்தான் அழுதிருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, பெரட்டில் நிற்கும்போது விரல் நுனிகளில் கடுகடுவென்று குளிர் ஏறியது. வலித்தது. பெண்கள் எல்லாரும் குளிரைத் திட்டிக்கொண்டு நிற்க, இவள் ஒருத்தி மட்டும் பல்லைக் காட்டிச் சிரித்ததைப் பார்த்து, கங்காணி கிறுக்கு என்றே நினைத்தார்.

அன்று சாயங்காலம் அண்டாவை அவளே இறக்கினாள். விரலை விட்டாள். சுட்டது! வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பச்சைத் தண்ணீர் விளாவினாள், மறுபடி பார்த்தாள். இதம், நிஜமான இதம்.

"வாடி தங்கம், அம்மா பாத்துட்டேன். சுடல."

ஜெயா அசையவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். மெல்ல வந்து, தன் சின்ன விரலை ஒரு முறை நனைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் சட்டையைக் கழற்றினாள்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலும் ஜெயா அப்படித்தான் குளித்தாள். நீலாவதி ஒரு நாளும் அவளை அவசரப்படுத்தியதில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த விரல் தண்ணீரை விட்டு வெளியே வரும் வரை, ஆடாமல் அசையாமல் நிற்பாள்.