கடிகாரம் இல்லாத கோபுரத்தின் காவல்காரி

அட்டுவம்பட்டியைத் தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் பஸ் ஒரு கல் வாசலுக்கு முன்னால் நிற்கும். கண்டக்டர் "பீர் கம்பெனி, பீர் கம்பெனி" என்று கூவுவார். அங்கே பீரும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. வாசல் கோபுரம் மட்டும் நிற்கிறது. அதன் கீழே, வாசலை ஒட்டிய அறையில் முப்பத்தோரு வருடம் காவல் இருந்தவர் விஜயராணி அக்கா.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் அவர் செய்தது புரியும்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு கம்பெனி இங்குள்ள ஓடைத் தண்ணீரை நம்பி பீர் காய்ச்ச வந்ததாம். உள்ளே போட்டதெல்லாம் தகரக் கொட்டகைகள். சாலையைப் பார்த்த வாசலை மட்டும் கோட்டை மாதிரி கட்டினார்கள். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நுழையும் அளவுக்கு ஒரு வளைவு, அதன் மேல் நாற்பதடிக் கோபுரம், நான்கு மூலையிலும் கூம்புத் தொப்பி வைத்த சின்னத் தூண்கள். முகப்பில் ஏழு ஜன்னல்கள் தெரியும். திறக்கக்கூடியது ஒன்றுதான். மற்ற ஆறும் கல்லில் செதுக்கிய சட்டங்கள், அவற்றுக்குள் வெறும் சுவர். அந்த முகப்புக் கல்லும் ஒரு சாண் கனம்தான். பின்னால் போய்ப் பார்த்தால் செங்கல்லும் சுண்ணாம்பும், மேல்பூச்சுகூட இல்லை.

வளைவின் உச்சியில் வாற்கோதுமைக் கதிரும், பீரில் கசப்புக்காகப் போடும் ஒரு கொடியின் பூவும் செதுக்கியிருக்கிறது. அதற்கும் மேலே கடிகாரம் வைக்க ஒரு வட்ட ஓட்டை விட்டார்கள். கடிகாரம் வருவதற்குள் கம்பெனி மூடிவிட்டது. மழையில் பாதை சரிந்து, பீப்பாய்கள் பாதி வழியிலேயே கெட்டுப்போனதாகச் சொல்கிறார்கள். பிறகு கொட்டகைகள் உருளைக்கிழங்குக் கிடங்காகி, அதுவும் போய், தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள்.

கோபுரத்துக்குள் மாடி கிடையாது. வளைவின் தரையிலிருந்து உச்சிவரை வெறும் கூடு; வளைவின் இரு பக்கமும் மரக்கதவு போட்டுப் பூட்டியிருக்கும். குறுக்கே தேக்கு உத்திரங்கள், சுவரோரமாக ஒரு மரப்படி. கீழே புகை போட்டால் அது நேராக ஏறி அந்த வட்ட ஓட்டை வழியாக வெளியே போகும்.

அக்கா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். எட்டு வயதில் கலவரக்காரர்கள் லயத்தைக் கொளுத்தினார்கள். மறுநாள் காலையில் சாம்பலுக்குள் தன் வீட்டு நிலைக்கதவைத் தேடியது அவருக்கு நினைவிருக்கிறது. கப்பல் ஏறி வந்த பிறகு பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறித்தார். அழகர் என்பவரைக் கட்டினார். அழகர்தான் இந்தக் கோபுரத்துக்கு முதலில் காவலாளி. வந்த இரண்டாம் வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். அந்த வேலையையும் அறையையும் இடத்தின் முதலாளி அக்காவுக்கே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: அறைக்குள் சமைக்கலாம், கோபுரத்துக்குள் நெருப்பு கூடாது.

அந்த நிபந்தனையை அக்கா மீறினார். கூக்கால் ஊரைச் சேர்ந்த கதிர்வேலுவின் புகைக்கொட்டகை ஒரு மழையில் விழுந்துவிட்டது. மலைப்பூண்டு விதைக்கு வேண்டுமானால் அதைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மாதம் கீழே விறகு புகைய வைக்க வேண்டும். இல்லையென்றால் அழுகிவிடும். கதிர்வேலு மூட்டையோடு ஜீப்பில் வந்து இறங்கினார். வளைவின் உச்சியில் இருந்த அந்தப் பூவை அண்ணாந்து பார்த்தார்.

"யக்கா, வெள்ளக்காரனே பூண்டத்தான செதுக்கி வச்சிருக்கான். நாம தொங்கவிட்டா மட்டும் குத்தமா?"

"ஏலே, மொதலாளித் தொரைக்குத் தெரிஞ்சா ஒன்னைய இல்ல, என்னையத்தான் தொங்கவிடுவாரு" என்றார் அக்கா. ஆனாலும் சாவியை எடுத்தார்.

அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். அதிலிருந்து வருடா வருடம் பூண்டு வந்தது; முதலாளி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். சீகை மரத்து விறகை ஈரத்தோடு வைத்து, சுடர் எழும்பாமல், புகை மட்டும் வரும்படி அக்கா பார்த்துக்கொண்டார். பக்கத்தில் எப்போதும் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை ஓடையிலிருந்து அவர்தான் சுமந்தார். முட்டி தேய்ந்தது அதில்தான்.

போன ஐப்பசியில் மேனேஜர் முருகானந்தம் வந்தார். முதலாளி இறந்து, அவர் மகன் ரிசார்ட் கட்டப்போகிறார். டூரிஸ்ட் பஸ் இந்த வளைவுக்குள் நுழையாது. கோபுரத்தை இடிக்க வேண்டும். இடிப்பதற்கு, கட்டடம் பலமிழந்துவிட்டது என்று ஒரு இன்ஜினியர் எழுதித் தர வேண்டும்.

"நீ ஒண்ணும் கவலப்படாத ராணி. இடிச்சப்புறம் ஒனக்கு ஸ்டாஃப் குவாட்டர்ஸ்ல ரூம். உள்ளயே பாத்ரூம், குழாய்த் தண்ணி. போதுமா?"

அக்கா போதும் என்றார். உண்மையாகவே போதும் என்றுதான் நினைத்தார். ஐம்பத்தாறு வயதில் ஒருவருக்கு ஓடையில் தண்ணீர் மொள்ளப் பிடிக்குமா? ஆனால் பூண்டு தெரிந்தால் அறையும் கிடைக்காது, வேலையும் போகும். இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் வெள்ளனே கதிர்வேலுவை வரச்சொல்லி எல்லாக் கொத்தையும் ஏற்றி அனுப்பினார். கயிறுகளை அவிழ்த்தார். சாம்பலை வாரி ஓடையில் கொட்டினார். மூன்று பாட்டில் பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினார். பூண்டு வாடை போய்விட்டது. தரையில் பூண்டுச் சருகு ஒன்றுகூட மிச்சமில்லை.

அங்கேதான் தவறு நடந்தது. பூண்டும் கயிறும் சாம்பலும் இருந்திருந்தால் சுவர் ஏன் கறுத்திருக்கிறது என்று யாருக்கும் புரிந்திருக்கும். இப்போது கழுவிய தரைக்கு மேல் நாற்பதடி உயரத்துக்குக் கறுப்பு மட்டும் நின்றது.

இன்ஜினியர் ரோகிணி திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். டார்ச் அடித்து மேலே பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க ஃபயர் ஆயிருக்கே! உத்திரமெல்லாம் கருகிருக்கு. எப்ப நடந்துச்சு?"

முருகானந்தத்துக்கு முகம் மலர்ந்தது. அவர் எதிர்பார்க்காத உதவி அது. "அது ஆச்சு மேடம், பத்து வருசம். இந்தம்மா அடுப்ப அணைக்காமத் தூங்கிருச்சு. பாவம், தனியாளு. நாங்களும் பெருசா எடுத்துக்கல."

"வாட்ச்மேன் அஜாக்கிரதைன்னு எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க. உள்ளதுதான" என்றவர், அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்கு ஒண்ணும் வராது. குவாட்டர்ஸ் இருக்குல்ல? சும்மா இரு."

அக்கா மரப்படியில் உட்கார்ந்தார். முட்டி வலித்தது. ரோகிணி எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடும் சத்தம் அந்தக் கூட்டுக்குள் பெரிதாகக் கேட்டதாம். ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பியபோது அக்கா எழுந்தார்.

"அத எழுதாதீங்கம்மா."

"எத?"

"என் காவல்ல தீப்பிடிச்சதுன்னு. தீப்பிடிக்கல."

"ராணி!" என்றார் முருகானந்தம்.

"இருங்க சார். எரிஞ்ச மரம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. எட்டு வயசுல எங்க லயம் எரிஞ்சுச்சு. எரிஞ்ச மரத்தத் தொட்டா முதலைத் தோல் மாதிரி வெடிச்சு, கையோட வரும். இது அப்பிடியில்ல."

அறைக்குள் போய் அரிவாளை எடுத்துவந்தார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி, முதல் உத்திரத்தை ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டினார். காய்ந்த பிசின் போலக் கறுப்பு உதிர்ந்தது. அடியில் மரம் மஞ்சளாக, முழுசாக இருந்தது. உத்திரம் சுவருக்குள் நுழையும் இடுக்கில் அரிவாள் நுனியை விட்டு நெம்பினார். நாலைந்து காய்ந்த பூண்டுப் பற்கள் கீழே விழுந்தன.

"பூண்டுக்குப் புகை போட்டேன். பன்னெண்டு வருசமா. போடக் கூடாதுன்னு சொல்லியும் போட்டேன். அது என் தப்பு. அத எழுதிக்கங்க."

ரோகிணி மேலே ஏறி இன்னும் நான்கு உத்திரங்களைச் சுரண்டிப் பார்த்தார். புகை ஏறிய மரத்தில் ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

முருகானந்தம் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். அவரும் சோர்ந்துபோனவராகத்தான் தெரிந்தாராம். "குழாய்த் தண்ணி குடுக்கிறேன்னா வேணாங்குற. ஒன்னைய வச்சு நான் என்ன செய்ய? தை பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிரு."

கோபுரம் நிற்கிறது. பஸ்ஸுக்காகப் பக்கத்துச் சுற்றுச்சுவரை உடைத்து வேறு வழி விட்டார்கள். அக்காவின் அறை இப்போது டிக்கெட் கொடுக்கும் இடம். அவர் அட்டுவம்பட்டியில் எங்களுக்கு அடுத்த அறையில் வாடகைக்கு இருக்கிறார். கேரட் கழுவும் இடத்தில் தினக்கூலி. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று, விரல்கள் வெளுத்துச் சுருங்கி வருகிறார். வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முட்டியைத் தேய்ப்பார்.

வருத்தமில்லையா என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லாம? குனிஞ்சு நிமிர முடியல. ஒரு நிமிசம் வாய மூடிருந்தா இன்னிக்கு வீட்டுக்குள்ள குழாய்" என்றார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, ரோகிணி கொடுத்துவிட்டுப் போன அறிக்கையின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. "என்ன எழுதிருக்கு, படி."

கூம்புத் தூண்கள், பொய் ஜன்னல்கள், சுண்ணாம்புக் கட்டு என்று வரிசையாக வந்தது. அதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: உத்திரங்களில் இருப்பது புகைக் கறை; தீப்பிடித்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை.

"அத மட்டும் இன்னொருக்கா படி."

படித்தேன். அவர் தாளை வாங்கி நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"தண்ணி வந்துருச்சு போல" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.