படத்துக்காகப் பச்சை அடித்த வீடு

கோட்டைமேட்டில் அந்த வீட்டைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன், புத்தகத்தின் முதல் படம் இதுதான் என்று. கோவையின் பழைய கட்டடங்களைப் படமெடுக்கும் குழுவில் அந்தத் தெரு என் பங்கு. பாத்திர வியாபாரி ஒருவரின் மாடி வீடு. சன்னல்களுக்கு மேலே சுதையில் கொடியும் பூவும். சுவரெல்லாம் உரிந்து உரிந்து நிற்கும் நீலம். அந்த நீலம்தான் என்னை நிறுத்தியது. ஆனால் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை காலைல வாரேனுங்க, உங்க ஊட்டப் படம் எடுக்கோணும்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தெரு முனையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. வீடு முழுக்கப் பிஸ்தாப் பச்சை. பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. தேய்த்த சட்டையில் வாசலில் நின்றிருந்தார் வீட்டுக்காரர்.

"நல்லாருக்குதுங்களா அம்மணி? நேத்துப் பொழுதோட முடிச்சுப்போட்டமுங்க."

எதிர்க்கடைக்காரர் விடவில்லை. "மக கல்யாணத்துக்கே பெயிண்ட் அடிக்காத பாயிங்க இவரு. உங்க கேமராவுக்குப் பயந்துட்டாருங்க."

"நீ மொதல்ல உன்ற கடை போர்டத் தொடைப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நான் தேடி வந்த நீலம் போய்விட்டது. செல்போனில் ஒரு படம் எடுத்துக் குழுத் தலைவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "பெயிண்ட் கம்பெனி விளம்பரமாட்டம் இருக்குதுங்க. இத விட்டுருங்க. போத்தனூர்ல ஒரு பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் இருக்குது, அதப் போட்டுக்கலாம்."

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன்.

நான் காரமடைப் பக்கம் தோட்ட வேலை செய்யும் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டபோது, அப்பா, அம்மா, தம்பி மூவரும் பொங்கல் துணியை உடுத்திக்கொண்டு என்னோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். படம் எனக்கு மட்டும்தான் என்று ஸ்டூடியோக்காரர் சொன்ன பிறகும், என் தலையை வாரிவிட்ட சீப்பாலேயே அம்மா தன் தலையையும் வாரிக்கொண்டாள். படமெடுக்க ஆள் வந்தால் நல்லதை உடுத்துவோம். இவர்கள் தங்கள் வீட்டுக்கே உடுத்திவிட்டிருக்கிறார்கள். அதற்காக இந்த வீட்டைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை.

எதிர்க்கூரையைத் தாண்டி வெயில் சாய்வாக விழும்வரை காத்திருந்தேன். சுதைப் பூக்களின் நிழல் பச்சைச் சுவரில் எழுந்தது. படம் தேறிவிடும் என்று அப்போதே தெரிந்தது. ஒன்றுதான் இடைஞ்சல். மாடிச் சன்னல் கதவுகளைச் சுவரோடு ஒட்டத் திறந்து வைத்திருந்தார்கள், உள்ளே எரிந்த டியூப்லைட் கண்ணைக் குத்தியது.

"அக்கா, சன்னலக் கொஞ்சம் சாத்துங்க" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன்.

வீட்டுக்காரர் அதற்குள் தன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஒவ்வொரு சன்னலின் இரு பக்கமும் ஒரு கதவு அகலத்துக்குப் பழைய நீலம் வெளியே வந்தது. கதவுகளைச் சாத்தாமலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சன்னல்கள் எல்லாம் நீலச் சிறகு விரித்தது போல் நின்றன.

கடைசிச் சன்னலில் அவர் கை நின்றது. "ஐயோ கண்ணு, இதுல பெயிண்ட் அடிக்காம உட்டுப்போச்சே. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. தொறந்துரட்டுங்களா?"

"வேண்டாங்க்கா. அப்படியே நில்லுங்க."

தலைவர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தார். பிறகு, "முதல் படமா வெச்சுக்கலாமுங்களா?" என்றார்.

"அதுக்குத்தானுங்க சார் எடுத்தேன்."

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏனுங்க அம்மணி, இங்கெல்லாம் பெயிண்டே படலீங்களே. நாளைக்கே ஆளக் கூப்பிடறனுங்க."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். புக்குல வந்துபோச்சு. இனி அது அப்படித்தான் இருக்கோணும்."