சீட்டக்காவின் குதிகால்

கார்களுக்கு இருக்கை தைத்தே காலத்தை ஓட்டிய ஒருத்திக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. தொட்டில் செய்கிற தச்சர்கள் எல்லாரும் பிள்ளை பெற்றவர்களா என்ன? ஆனால் அவள் கணவர் ஓட்டுநர் உரிமத்துக்குச் சோதனை வைக்கும் அதிகாரி என்று சொன்னால் கேட்பவர்களின் புருவம் உயரும். அந்தச் சோதனையில் அவளை ஃபெயில் ஆக்கியவரே அவர்தான் என்று சொன்னால் உயர்ந்த புருவம் இறங்காது.

பட்டறையில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். அவருக்கு ஊர் வைத்த பெயர் ரிவர்ஸ். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவனையும் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கவிழ்த்துவிடுவார். லஞ்சம் வாங்காதவர், சிபாரிசுக்கு மசியாதவர். அவரிடம் பாஸ் வாங்கியவர்கள் அவரை மறந்துவிட்டார்கள். ஃபெயில் ஆனவர்கள் இன்னும் வணக்கம் சொல்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் உரிமம் கேட்டுப் போனாள். அந்த அலுவலகத்தில் இருந்ததே ஒரே அதிகாரி, அவர்தான். "வேற ஊருக்குப் போய் எடுத்துக்கறதுதானே?" என்று நாத்தனார் கேட்டபோது, "மடியில கனமிருந்தாதானே வழியில பயம்?" என்றார் ரிவர்ஸ். அவள் குறை சொல்ல முடியாமல் ஓட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியில் கனமில்லாதவருக்கு அப்போதுதான் வழியில் பயம் வந்தது. "கண்ணாடி பாக்கல. ஃபெயில். அடுத்த வாரம் வாங்க" என்றார். அவள் பார்த்திருந்தாள். நேர்மையைக் காப்பாற்ற அவர் சொன்ன ஒரே பொய் அது.

அன்று மாலை அவள், "சாப்பாடு எடுத்து வைக்கட்டுங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் போகவில்லை. பிறகு எந்த வாரமும் போகவில்லை. குடும்பத்தில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. வேடிக்கையாகிவிட்ட விஷயத்தை யாரும் மறுபடி விசாரிப்பதில்லை.

அவளுடைய வாழ்க்கை பட்டறை மெஷினில் ஓடியது. மோட்டார் வைத்த பெரிய மெஷின்; தடித்த தோலையும் வெண்ணெய் மாதிரி குத்தும். அதற்கு ஒரே ஒரு பெடல். கால் நுனியால் அழுத்தினால் ஓடும். அதே பெடலைக் குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் நிற்கும். சீட்டக்காவின் வலது கால் அந்தப் பெடலில் செய்யாத வித்தை இல்லை. "சீட்டக்கா மெஷின ஒரே ஒரு தையல் போடச் சொன்னா ஒண்ணே ஒண்ணுதான் போடும். எம் பேச்சக்கூட அப்படிக் கேக்காது" என்பார் பட்டறை முதலாளி.

அந்தக் காலிலும் சர்க்கரை நோய் வந்து உட்கார்ந்தது. டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தினார்.

"தெரியுதாம்மா?"

ஆயுசு முழுக்க நூலோடு வாழ்ந்தவளுக்கு அந்த நூல் இடது காலில் தெரியவே இல்லை. வலது காலில் எங்கோ தூரத்தில், யாருக்கோ நடப்பதுபோலத் தெரிந்தது.

"இனிமே உணர்ச்சி குறைஞ்சுக்கிட்டேதான் போகும். செருப்பில்லாம நடக்காதீங்க. வண்டி கிண்டி ஓட்டுவீங்களா?"

"இல்லையே" என்றாள். கூட வந்திருந்த ரிவர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கேள்விதான் வினையானது. தூங்கிக் கிடந்ததை டாக்டர் தட்டி எழுப்பிவிட்டார். அவள் வேறு ஊரில் உரிமம் வாங்கினாள். ஒரு சின்னப் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே பாஸ் போட்டான். அதில் அவளுக்கு ஒரு ருசியும் இல்லை. பட்டறைக்குச் சீட் மாற்ற வந்த ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, தான் தைத்த சீட்டோடு சேர்த்து விலைக்கு வாங்கினாள். இரண்டே பேர் உட்காரலாம். இன்ஜின் பின்சக்கரங்களைத் திருப்பும். ஓட்டுகிறவர் தப்பைத் தானாகத் திருத்தும் கம்ப்யூட்டர் எதுவும் அதில் கிடையாது.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மழையில அது பம்பரமா சுத்தும்" என்றார் ரிவர்ஸ்.

"அதான் கத்துக்கப் போறேன்."

"கால் இருக்கிற இருப்புக்கு..."

"கால் இருக்கிறப்பவே கத்துக்கணும்ல?"

தெருமுனைவரைகூட அந்தக் காரை அவரால் துள்ளாமல் ஓட்ட முடியாது என்பது வேறு விஷயம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவர் அவர்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய சரக்கு முற்றத்தில் தண்ணீர் தெளித்து, வழுக்கும் தரையில் கார் ஓட்டக் கற்றுத் தந்தாள் ஒரு இளம்பெண். எல்லாருக்கும் அவள் கோச்.

"மத்த கார்ல முன்சக்கரம் இழுக்கும்மா. இதுல பின்சக்கரம் தள்ளும். வளைவுல அவசரப்பட்டு அழுத்தினீங்கன்னா பின்பக்கம் முன்னால வரப் பாக்கும்."

"எங்க நாத்தனார் மாதிரின்னு சொல்லு."

கோச் சிரித்துவிட்டாள். "அப்ப பதறிக் கால எடுத்துடாதீங்க. எடுத்தா கனமெல்லாம் முன்னால சாஞ்சிரும், பின்சக்கரத்துக்குப் பிடி போயிடும், சுத்திரும். கால மெல்ல மெல்லத் தளர்த்தணும். பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுதோ ஸ்டியரிங்க அந்தப் பக்கமே திருப்பணும். கண்ணு மட்டும் போக வேண்டிய இடத்துல இருக்கட்டும்."

முதல் நாள் சிவப்புக் கார் சுற்றிச் சுற்றி நின்றது. பழக்கதோஷம், நிறுத்த நினைத்தபோதெல்லாம் கால் பிரேக்குக்குப் போகாமல், இருந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றியது. நுனி சட்டென்று எழும்ப, கார் வாலைச் சுழற்றியது. அவள் காலைத் திட்டினாள், மாமியார் மருமகளைத் திட்டுவதுபோல, இடைவிடாமல். பிறகு பிடிபட்டுவிட்டது. பெடல் காலடியில் இருப்பது தெரிந்தவரை, தையல் தையலாக எண்ணுவதுபோல அழுத்தத்தை அளந்தாள். வழுக்கும் வட்டத்தில் வால் நழுவ, ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து போகும். அப்போது அவள் முகத்தை ரிவர்ஸ் வேலியோரம் நின்று பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

குளிர் வந்தது. காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டோமா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. குனிவதை அவர் பார்த்தார். அவரும் சொல்லவில்லை.

பயிற்சியின் கடைசிச் சோதனை: ஈர வட்டத்தைச் சுற்றி, நழுவலைப் பிடித்து, வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். "சார் பெரிய எக்ஸாமினராச்சே, நீங்களே பக்கத்துல உக்காருங்க" என்றாள் கோச், மரியாதைக்கு. அவர் மறுத்தார். சீட்டக்கா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க சார்" என்றாள்.

வட்டம் குற்றமில்லாமல் போனது. வால் நழுவியது, பிடித்தாள். மறுபடி நழுவியது, பிடித்தாள். புறப்படும் முன்பும் நடுவிலும் கண்ணாடி பார்த்தாள், கழுத்தைத் திருப்பி, அவருக்குத் தெரியும்படி. பிறகு கூம்புகள் வந்தன. நிறுத்த நினைத்தாள். நிறுத்திவிட்டதாகவே நினைத்தாள்.

கார் நிற்கவில்லை. பின்பக்கம் துள்ளி முன்னால் வந்தது, உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது, கூம்புகள் சிதறின. கார் வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. யாருக்கும் அடியில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் பிரேக்கில் இல்லை. ஆக்சிலரேட்டர் அருகில், நுனியைத் தூக்கிக் குதிகாலை அழுத்தமாக ஊன்றியபடி, தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு இருந்தது. பட்டறையில் எத்தனையோ வருடம் மெஷினை நிறுத்திய கால். யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்தாள்.

ரிவர்ஸும் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பாஸ்" என்றார்.

கோச் ஓடிவந்து வெளியே நின்றாள்.

"என்ன சார்?" என்றாள் சீட்டக்கா.

"நல்லா ஓட்டின. தரை வழுக்கிருச்சு. பாஸ்."

"அன்னிக்குக் கண்ணாடி பாத்தேன்ல?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். "பாத்த" என்றார்.

"அதுக்கு இது ஈடாயிருமாங்க?" அவள் குரல் உயரவில்லை. "பொய்யா ஒரு ஃபெயில் போட்டீங்க, தாங்கிக்கிட்டேன். பொய்யா ஒரு பாஸ் போடாதீங்க. ரோட்டுல பிள்ளைங்க போகும்."

அவர் அழுதார். சத்தமில்லாமல், கைக்குட்டையை மடித்த மடிப்பு கலையாமல், அரசாங்க அலுவலர்கள் அழுவதுபோல. அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இறங்குவதற்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எந்திரிங்க. இந்தப் பக்கம் நான் உக்கார்றேன்."

"எனக்கு இது ஓட்ட வராதும்மா."

"எனக்கு மட்டும் வந்துச்சா? ஏம்மா கோச், இவருக்கு முதல் பாடத்துலேர்ந்து சொல்லிக் குடு. பெரிய எக்ஸாமினர்னு விட்டுக் குடுக்காத."

இடம் மாறினார்கள். தான் தைத்த சீட்டில் அவள் முதுகைச் சாய்த்தாள். தையல் நேராகத்தான் இருந்தது. கார் துள்ளியது, முனகியது, முதல் வளைவிலேயே வாலை வீசியது. "கால எடுக்காதீங்க, எடுக்காதீங்க! தளர்த்துங்க, மெல்ல!" என்றாள். அவர் எடுத்துவிட்டார். கார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஃபெயில்" என்றாள். "அடுத்த வாரம் வாங்க."

"வர்றேன்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நிச்சயமா வர்றேன்."

அவள் குனிந்து பார்த்தாள். பெடல் எதுவும் இல்லாத அந்தப் பக்கத்து விரிப்பில் வலது குதிகால் அழுந்த ஊன்றியிருந்தது. எப்போது ஊன்றியது என்று அவளுக்குத் தெரியவில்லை.