காய்ச்சல் இல்லாத நாள்

எங்கள் காஜா பேராங் வட்டாரச் சாக்கடைகளில் கொசுவை ஒழிக்க எண்ணெய் ஊற்றும் வாடை காற்றில் ஏறினால், அண்ணனின் நடுங்கும் தோள்கள்தான் நினைவுக்கு வரும்.

மெர்டேக்கா என்று நாட்டுக்கு விடுதலை கிடைத்த வருடம். ஜாசின் காட்டுக்கு மரம் வெட்டப் போன அண்ணன் மலேரியாவோடு திரும்பினார். அவருக்கு அது புதிதல்ல. ஒருநாள் நடுங்குவார், மறுநாள் எழுந்து கோடாலியைத் தூக்குவார். அவருடைய கூட்டாளிகளும் காய்ச்சல் வரும் நாள், வராத நாள் என்று முறைநாள் பார்த்தே வேலைக்குப் போகிறவர்கள்.

"ரத்தம் சோதிக்கக் குடுத்துட்டு வந்துருவோம், அண்ணே" என்றேன்.

"என் காய்ச்சல எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பாரு, பாசார்ல மீன் பேரம் பேசிக்கிட்டு நிப்பேன்லா" என்று பல் கிட்டச் சிரித்தார்.

மறுநாளும் உடம்பு கொதித்தது. அதற்கடுத்த நாள் பேச்சு குழறவே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். விரலைக் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் குனிந்த டிரெஸ்ஸர், அந்த ஆஸ்பத்திரி உதவியாளர், நிமிர வெகுநேரமானது.

"வழக்கமா வர்ற வைவாக்ஸ் கிருமி இல்ல, தம்பி. இது ஃபால்சிபாரம். மூளைக்கு ஏறிருச்சு."

அதே நடுக்கம், அதே வியர்வை. உள்ளே இருந்த கிருமிதான் வேறு.

அண்ணன் வீடு திரும்பவில்லை. இன்று என் வீட்டில் யார் உடம்பு சுட்டாலும் நான் முறைநாள் பார்ப்பதில்லை. எந்தக் கிருமி என்று தகடு சொல்லட்டும் என, அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்த அன்று, வார்டு வாசலில் என்னை நிறுத்தியபோது அண்ணன் என் கையை விட்டுவிட்டுக் குழறினார்:

"நாளைக்குக் காய்ச்சல் இல்லாத நாள்டா. கதவப் பூட்டிறாத, வந்துருவேன்."